அந்த 200 த்ரெட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஸ்ப்ரிங் பூட்டில் சில வருடம் வேலை பார்த்தவர்கள் நேர்காணலுக்கு வந்தால் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "உங்க அப்ளிகேஷனுக்கு ஒரே நேரத்துல 201 ரிக்வெஸ்ட் வந்தா, அந்தக் கடைசி ரிக்வெஸ்டுக்கு என்ன ஆகும்?" பெரும்பாலானோர் லோட் பேலன்சர், ஆட்டோ ஸ்கேலிங், குபெர்னெட்டிஸ் என்று மேலே மேலே ஏறிப்போகிறார்கள். உங்கள் அப்ளிகேஷனுக்கு வரும் அந்த ரிக்வெஸ்டை முதலில் கையில் வாங்குவது, ஸ்ப்ரிங் பூட்டுக்குள்ளேயே ஓடும் வெப் சர்வரான டாம்கேட். அதன் பெயரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. சொல்லாதவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2014-ல் ஸ்ப்ரிங் பூட் 1.0 வருவதற்கு முன்பு டாம்கேட்டைத் தனியாக இறக்கி, நம் அப்ளிகேஷனைப் பொட்டலமாகக் கட்டிய வார் ஃபைலை அதன் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டு, டாம்கேட்டின் கேட்டலினா லாகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். இப்போது மெயின் மெத்தடை ஓடவிட்டால் போதும், டாம்கேட் உள்ளேயே எழுந்துகொள்கிறது. 8080 போர்ட்டில் தொடங்கியதாக லாகில் ஒரு வரி ஓடி மறையும். இந்த வசதியை நான் குறை சொல்லவில்லை, நானும் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் கண்ணில் படாத ஒன்றை யாரும் படிக்கத் தேவையில்லை என்ற நினைப்பு மெதுவாக வந்துவிட்டது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். எதையும் மாற்றாமல் விட்டால் டாம்கேட் அதிகபட்சம் 200 வொர்க்கர் த்ரெட் (ரிக்வெஸ்ட் வேலையைச் செய்து முடிக்கும் ஆட்கள் மாதிரி) வைத்துக்கொள்ளும். ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் ஒரு த்ரெட், உங்கள் கன்ட்ரோலரில் தொடங்கி டேட்டாபேஸ் வரை போய்ப் பதிலை எழுதி முடிக்கும்வரை, அதற்கென்றே ஒதுங்கிவிடும். 201-வது ரிக்வெஸ்டை டாம்கேட் விரட்டிவிடாது. கனெக்‌ஷனை ஏற்றுக்கொண்டு வரிசையில் நிறுத்தும். புதிய பதிப்புகளில் 8192 கனெக்‌ஷன் வரை இப்படி ஏற்கும். அதற்கும் மேல் வந்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வரிசையில் இன்னும் 100 வரை காத்திருக்கும். அதாவது சர்வர் "டவுன்" ஆகாது. எர்ரர் லாகில் எதுவும் இருக்காது. சிபியு சும்மா கிடக்கும். வாடிக்கையாளருக்கு மட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். "லாக்ல ஒண்ணுமே இல்லையே, நம்ம பக்கம் பிரச்சினை இல்ல" என்று முடிவுகட்டி நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட்டைத் தள்ளிவிடுகிற இடம் இதுதான்.

அடுத்து நடப்பது இன்னும் மோசம். யாராவது கூகுளில் தேடி, த்ரெட் எண்ணிக்கையை 500 ஆக்குவார்கள். ஆனால், டேட்டாபேஸுக்கான இணைப்புகளைத் தயாராகத் திறந்து வைத்திருக்கும், ஸ்ப்ரிங் பூட் தரும் ஹிக்காரி கனெக்‌ஷன் பூலில், நீங்கள் மாற்றாதவரை, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் 10 தான். பந்தியில் 200 பேரை உட்கார வைத்துவிட்டுப் பரிமாற 10 பேரை நிறுத்தியிருக்கிறோம். சாப்பாடு தாமதமாகிறது என்று இன்னும் 300 இலை போட்டால் என்ன பலன்? ஒவ்வொரு குவெரியும் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வி) மூன்று விநாடி எடுத்தால், மற்ற த்ரெட்டுகள் எல்லாம் கனெக்‌ஷனுக்காகக் காத்து நிற்கும். 30 விநாடிக்குள் கிடைக்காதவை டைம்அவுட் ஆகும். அப்போதுதான் லாகில் முதல் எர்ரர் விழும், அதுவும் டேட்டாபேஸ் எர்ரராக. உடனே எல்லோரும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏவைத் தேடி ஓடுவார்கள். இண்டெக்ஸ் இல்லாத ஒரு குவெரியைச் சரிசெய்தால் தீரவேண்டிய விஷயத்துக்கு ராத்திரி முழுக்க எல்லா டீமும் உட்காரும் பிரிட்ஜ் கால்.

"ஜாவா 21-ல் வர்ச்சுவல் த்ரெட் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. வர்ச்சுவல் த்ரெட் என்பது ஆயிரக்கணக்கில் உருவாக்கினாலும் பாரமாகாத இலகுவான த்ரெட். ஸ்ப்ரிங் பூட் 3.2 முதல் ஒரு செட்டிங்கை மாற்றினால் டாம்கேட் ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் வர்ச்சுவல் த்ரெட்டில் ஓட்டும். 200 என்ற வரம்பு போய்விடும். டேட்டாபேஸ் பூலின் 10 போகாது. முன்பு 190 ரிக்வெஸ்ட் நின்ற இடத்தில் இப்போது ஆயிரக்கணக்கில் நிற்கும். வரிசை எங்கே உருவாகிறது என்று தெரிந்தவருக்குத்தான் வர்ச்சுவல் த்ரெட் பயன்படும்.

பாதுகாப்பு விஷயமும் இதே கதைதான். 2020 பிப்ரவரியில் டாம்கேட்டில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளியானது. தனியாக இறக்கும் டாம்கேட்டுக்கு 8080 தவிர 8009 என்று இன்னொரு போர்ட் உண்டு. முன்னால் நிற்கும் அப்பாச்சி வெப் சர்வரோடு ஏஜேபி என்ற புரோட்டோகாலில் பேசுவதற்கானது. அது அன்று வரை தானாகவே திறந்து, எல்லா நெட்வொர்க் முகவரியிலும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த போர்ட்டை எட்ட முடிந்தவர், பாஸ்வேர்டு எழுதிவைத்த கான்ஃபிக் உட்பட அப்ளிகேஷனுக்குள் இருக்கும் ஃபைல்களைப் படிக்க முடிந்தது. 9.0.31, 8.5.51, 7.0.100 பதிப்புகளில் சரிசெய்தார்கள். ஏஜேபியை இயல்பாகவே மூடியும் வைத்தார்கள். டாம்கேட்டின் செட்டிங்குகள் இருக்கும் சர்வர்.எக்ஸ்எம்எல் ஃபைலை ஒருமுறை திறந்து படித்தவர்கள் அந்த வரியைக் கண்டு, "இது நமக்கு எதுக்கு?" என்று முன்பே எடுத்திருப்பார்கள். பெரிய ஃபைல் ஒன்றும் இல்லை, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம்.

டாம்கேட் 9-லிருந்து 10-க்கு மாறியபோது நடந்த குழப்பத்தையும் சொல்லவேண்டும். டாம்கேட் பின்பற்றும் சர்வர் பக்க ஜாவா விதிகளின் தொகுப்பான ஜாவா இஇ-யை ஆரக்கிள் 2017-ல் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் கொடுப்பதாக அறிவித்தது. ஆனால் அதன் பேக்கேஜ்கள் எல்லாம் தொடங்கும் ஜாவாஎக்ஸ் என்ற பெயரில் இனி புதிதாக எதையும் வளர்க்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் பேக்கேஜ் பெயர்கள் எல்லாம் ஜகார்த்தா என்று மாறின, டாம்கேட் 10-ம் அதோடு மாறியது. பழைய வார் ஃபைலை அதில் போட்டால் சர்வர் அழகாக எழுந்து நிற்கும், பக்கம் மட்டும் 404 தரும். பலர் தங்கள் கோடில் நாள்கணக்கில் தப்பு தேடினார்கள். வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்ற ஃபோல்டரில் பழைய வாரைப் போட்டால் டாம்கேட் தானே பெயர்களை மாற்றித் தந்துவிடும். இந்த வசதியை அவர்கள் செய்து வைத்திருப்பது தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதத் தொடங்கிய கோட்தான் டாம்கேட். 1999-ல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. இதை பில்ட் செய்ய அவர் எழுதிய சின்னக் கருவிதான் பிறகு ஆன்ட் என்ற தனி ப்ராஜெக்டாக வளர்ந்தது. இத்தனை வருடமாகப் பராமரிக்கிறார்கள், மொத்த கோடும் திறந்து கிடக்கிறது, காசு கேட்பதில்லை. டாகுமெண்டேஷனில் ஒவ்வொரு செட்டிங்கும் என்ன செய்யும் என்று பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மனிதர்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

இந்த வார இறுதியில் இதைச் செய்து பாருங்கள். டாம்கேட்டைத் தனியாக இறக்குங்கள், ஸ்ப்ரிங் வேண்டாம். பத்து விநாடி தூங்கிவிட்டுப் பதில் சொல்லும் ஒரு சர்வ்லெட்டை (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) எழுதுங்கள். சர்வர்.எக்ஸ்எம்எல்லில் மேக்ஸ்த்ரெட்ஸ் மதிப்பை 2 ஆக்குங்கள். மூன்று டெர்மினல் திறந்து ஒரே நேரத்தில் அந்த சர்வ்லெட்டுக்கு கர்ல் கமாண்டில் ரிக்வெஸ்ட் அடியுங்கள். மூன்றாவது டெர்மினல் காத்திருக்கும்போது நான்காவதில் த்ரெட்டுகளின் நிலையைக் காட்டும் ஜேஸ்டாக் கருவியை ஓட்டி, பெயரில் எக்ஸெக் என்று வரும் அந்த இரண்டு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கின்றன என்று பாருங்கள். பார்த்ததை கமெண்டில் போடுங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.