அணுமின்சாரம் வேண்டும் என்றால் அதன் கழிவைப் பற்றிச் சேலமும் பேச வேண்டும்

அணுமின்சாரம் வேண்டும் என்று சொல்கிறவன் நான். ஆனால் அப்படிச் சொல்பவர்களுக்கு ஒரு கடமையும் இருக்கிறது. சேலத்துக்காரர்கள் நாம் அதை இதுவரை செய்யவே இல்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

2012ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு, நமக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். இளம்பிள்ளையில் விசைத்தறி நின்றது, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நின்றது, பிளஸ் டூ பிள்ளைகள் எமர்ஜென்சி லைட்டில் படித்தார்கள். அதே நேரத்தில் கூடங்குளம் அணு உலை வேண்டாம் என்று, அதன் பக்கத்து ஊரான இடிந்தகரையில் மீனவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "அவங்களாலதான் நமக்குக் கரண்ட் இல்ல" என்ற பேச்சு டீக்கடைதோறும் கேட்டது. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. ஆனால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளியிருந்த நாம், உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காதுகொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தபோதும் இங்கே பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை. அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

சரி, எனக்கு ஏன் அணுமின்சாரம் வேண்டும்? மேட்டூரால்தான். ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால், வானம் தெளிவான நாளில் மேட்டூர் அணைத் தண்ணீர் தெரியும். அந்த அணைக்குப் பக்கத்தில் இருக்கிற அனல்மின் நிலையத்தில் 1987க்கும் 1990க்கும் இடையில் வந்த அலகுகள் நான்கு, ஒவ்வொன்றும் 210 மெகாவாட். 2013ல் 600 மெகாவாட்டில் இன்னொன்று வந்தது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். ஆயிரம் மெகாவாட் அனல் நிலையம் வருஷம் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 50 லட்சம் டன் கரி எரியும். அதே திறனுள்ள அணு உலைக்கு வருஷத்துக்கு 25, 30 டன் எரிபொருள் போதும், ஒரே ஒரு சரக்கு வேகனில் அடங்கிவிடும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2014ல் தந்த கணக்குப்படி, கட்டுமானம், சுரங்கம் எல்லாம் சேர்த்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அணுமின்சாரத்துக்கு 12 கிராம். 2024 டிசம்பரில் மேட்டூரில் நிலக்கரித் தொட்டி சரிந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள். இரண்டே நாளில் செய்தி அடங்கிவிட்டது. அணு உலையில் ஒரு குழாய் கசிந்தால்கூட நாடே பேசும். பேசத்தான் வேண்டும். கரியால் போகிற உயிருக்கும் அதே அளவு பேச வேண்டும் என்கிறேன்.

இனி, உலைக்குள் என்னதான் நடக்கிறது? கடைசிக் கட்டம் மேட்டூரிலும் கூடங்குளத்திலும் ஒன்றே: தண்ணீர் ஆவியாகிறது, ஆவி டர்பைனைச் சுற்றுகிறது. வித்தியாசம் சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான். யுரேனியம் 235 அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்கினால் அது இரண்டாகப் பிளக்கும். வெப்பம் வெளிப்படும், கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் கிளம்பி அடுத்தடுத்த கருக்களைப் பிளக்கும். இந்தத் தொடரை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் உலையின் வேலை. நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை உள்ளே இறக்கினால் சில விநாடிகளில் தொடர் நின்றுவிடும். அணுகுண்டு மாதிரி வெடித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது நடக்காது, உலை எரிபொருளில் யுரேனியம் 235 அவ்வளவு செறிவாக இருப்பதில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இதை நிதானமாகப் படியுங்கள். நம்மூர் மேக்னசைட் சூளையில் தீயை நிறுத்தினால், மெதுவாகவாவது ஆறிவிடும். அணு உலை அப்படி இல்லை. பிளவு நின்ற பிறகும், பிளந்து விழுந்த துண்டுகள் கதிர்வீச்சோடு சிதைந்துகொண்டே இருப்பதால் புதிது புதிதாகச் சூடு பிறந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் இது முழு வெப்பத்தில் ஆறேழு சதவீதம். கூடங்குளத்தில் ஒவ்வொரு உலையும் சுமார் 3,000 மெகாவாட் வெப்பம் தருவது. அதில் ஆறேழு சதவீதம் என்றால், மேட்டூரின் பழைய அலகு ஒன்று முழுவீச்சில் தரும் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம், அதுவும் 'நிறுத்திவிட்ட' உலையிலிருந்து! ஒரு நாள் கழித்தும் பத்து மெகாவாட்டுக்கு மேல் இருக்கும். அதை எடுத்துக்கொண்டே இருக்கத் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓட மின்சாரம் வேண்டும்.

2011 மார்ச் 11ல் புகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. அப்புறம் சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தால் சூட்டை இறக்கும் ஏற்பாடும், உருகினால் தாங்கிக்கொள்ளும் அடித்தொட்டியும் உண்டு. நல்ல வடிவமைப்பு, நான் மதிக்கிறேன். ஆனால் இடிந்தகரைக்காரர்கள் புகுஷிமாவை டிவியில் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டதை அறியாமை என்று ஒதுக்கியது பெரிய தப்பு.

இன்னொரு குறை காலம். கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988ல், முதல் உலை வணிக ரீதியாக ஓடத் தொடங்கியது 2014 கடைசி நாளில். கல்பாக்கத்து 500 மெகாவாட் அதிவேக ஈனுலையை (ஓடும்போதே புது எரிபொருளையும் உருவாக்கும் உலை) கட்டத் தொடங்கியது 2004ல், எரிபொருள் ஏற்றும் கட்டத்துக்கு வரவே இருபது வருஷம் ஆனது. இந்தக் காலத்துக்குள் சூரிய மின்சாரத்தின் விலை எவ்வளவோ இறங்கிவிட்டது. அதனால் கூரைக்குக் கூரை சோலார் போடுவதைத் தள்ளிப்போட அணு உலை ஒரு சாக்காகக் கூடாது. இரவிலும் காற்று ஓய்ந்த மாதங்களிலும் ஓட ஒன்று வேண்டும். அது கரியாக இருக்க வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

இப்போது கழிவு. தீர்ந்த எரிபொருளைக் குளத்தில் பல வருஷம் ஆறவைக்கிறார்கள். அதிலிருந்து மறுபடி பயன்படுவதைப் பிரித்தெடுக்கும் மறுசுத்திகரிப்பில் மிஞ்சுகிற கடுமையான கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கலனில் அடைக்கிறார்கள். அதுவரை நம் விஞ்ஞானிகளுக்குக் கைவந்த வேலை. அதற்குப் பிறகு? நிரந்தரமாக ஆழத்தில் புதைக்க இந்தியாவில் இடம் இல்லை. எரிபொருளில் உருவாகும் புளூட்டோனியம் 239 பாதியாகவே 24,000 வருஷம் பிடிக்கும். 2012ல் கழிவைப் புதைக்கும் இடமாகக் கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தின் பேர் அடிபட்டதும் அந்த ஊர் கொதித்தது, அரசு பின்வாங்கியது. கூடங்குளத்தில் தீர்ந்த எரிபொருள் சேமிப்பு மையம் அமைக்க 2019ல் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். பின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்கத் தேர்ந்தெடுத்த யூரயோக்கி என்ற சிற்றூரின் மன்றத்துக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் சட்ட உரிமை இருந்தது. 2000ல் அவர்கள் வாக்கெடுத்துச் சம்மதித்த பிறகுதான் 400 மீட்டருக்குக் கீழே பாறையைக் குடைந்தார்கள்.

இப்படிப் புதைக்க உறுதியான பழம்பாறை வேண்டும். ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலையே அப்படிப்பட்ட சார்னோகைட் பாறைதான். இங்கே புதைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, வதந்தி கிளப்பிவிடாதீர்கள். நான் நம்மைக் கேட்கிறேன்: நாளைக்கு அப்படி ஒரு பேச்சு வந்தால் என்ன கேட்போம்? பாறை ஆய்வு முழுவதையும் தமிழில் வெளியிடச் சொல்வோம். அணுசக்தித் துறைக்குக் கட்டுப்படாத நிபுணர்கள் சரிபார்க்கட்டும் என்போம். மலைக் கிராமங்களின் கிராமசபை முடிவை மீறக்கூடாது என்போம். நான் கண்டிப்பாகக் கேட்பேன்.

அந்த மூன்றையும் கூடங்குளத்துக்காக இப்போதே கேட்போம். அங்கிருந்து வரும் 2,000 மெகாவாட்டில் 925 தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது. அதில் நம் தறிக்கும் பங்கு உண்டு. நம் தொகுதி எம்.பி.க்குக் கொடுக்க ஒரு பக்க மனு எழுதிவைத்திருக்கிறேன். அணுமின்சாரத்தை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடலாம். படித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.