ஒருமுறை மட்டும் ஓடும் ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

தரவுத்தளத்தில் வியூ ஒன்றை, அதாவது அட்டவணை போலத் திறந்து பார்க்கப் பெயரிட்டுச் சேமித்து வைக்கும் வினவலை, உருவாக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் ஓடும் என்ற நினைப்பில் அதை எழுதி அனுப்புகிறவர்கள், வேளாண்மை வெட்டுக் காலத்தில் சம்மாந்துறைக்கோ வாழைச்சேனைக்கோ வந்து அரை நாளாவது நின்று பார்க்க வேண்டும். நெல் ஆலைகளின் கொள்வனவுக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளைப் பராமரிப்பது எங்கள் வேலை. அதை எழுதுகிற நிறுவனம் இருப்பது வேறெங்கோ. பெரும்போக நெல் மூடைகளோடு உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசைகட்டி நிற்கும்போது, தராசு அறைக் கணினியில் ஓடிக்கொண்டிருந்த புதுப்பிப்பு கரண்ட் போனதும் பாதியில் நின்றுவிட்டால், மீண்டும் முதலிலிருந்து ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டினால் வருவது 2714ஆம் இலக்கப் பிழை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறதாம். இருக்காமல் எங்கே போகும், சற்று முன்னர் இதே ஸ்கிரிப்ட்தானே அதை உருவாக்கியது!

தொலைபேசியில் கேட்டால், “ஏன் இரண்டு தரம் ஓட்டினீர்கள்?” என்று எங்களையே திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டு தரம் ஓட்டினாலும் இருபது தரம் ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதுவதுதான் ஸ்கிரிப்ட் எழுதுகிறவரின் முதல் கடமை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்.

நச்சரித்துக் கேட்ட பிறகு ஒரு திருத்தம் வந்தது. “இஃப் நொட் எக்ஸிஸ்ட்ஸ்” (ஏற்கெனவே இல்லாவிட்டால்) என்று மேலே ஒரு நிபந்தனையைப் போட்டு, அதற்குள் “கிரியேட் வியூ” கட்டளையை அப்படியே நுழைத்திருந்தார்கள். எங்கள் ஆலைகளில் இருக்கும் எஸ்.கியூ.எல். சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இது ஓடவே ஓடாது. ஒரு தொகுதிக் கட்டளைகளில் “கிரியேட் வியூ” முதலாவதாக நிற்க வேண்டும் என்பது அதன் விதி. மீறினால் 111ஆம் இலக்கப் பிழை வரும். நடுவில் “கோ” என்று எழுதித் தொகுதியைப் பிரித்துவிடலாமே என்றால், “கோ” என்பது சேர்வருக்குத் தெரிந்த கட்டளையே அல்ல, கட்டளைகளை அனுப்பும் கருவி பார்த்துப் பிரிக்கும் எல்லைக்கோடு மட்டுமே என்பதால், நிபந்தனை ஒரு தொகுதியிலும் வியூ இன்னொரு தொகுதியிலும் போய் விழுந்து, ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தாமல் போய்விடும். ஓட்டிப் பார்க்காமலேயே அனுப்பியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அதற்கும் சத்தம் போட்ட பின்னர், கட்டளை முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடைத்து “எக்ஸெக்” (உரையாகத் தந்ததைத் தனிக் கட்டளையாக ஓட்டுவது) மூலம் ஓட்டும் வடிவம் வந்தது. இது ஓடுகிறது, என் கோபமெல்லாம் அங்கேதான். வியூ ஏற்கெனவே இருந்தால் இந்த ஸ்கிரிப்ட் எதையும் செய்யாமல், பிழையும் காட்டாமல், வெற்றி என்று முடிந்துவிடுகிறது. ஈரப்பதனுக்குக் கழிக்கும் நிறையைக் கணக்கிடும் சூத்திரத்தை மாற்றுவதற்காகவே அனுப்பப்பட்ட புதுப்பிப்பு, பழைய சூத்திரத்தை உள்ளேயே விட்டுவிட்டு, பதிப்பு எண்ணை மட்டும் கூட்டிவிட்டுப் போனால் என்ன நடக்கும்? புதிதாக நிறுவிய ஆலையில் ஒரு கழிவு, பழைய ஆலையில் வேறொரு கழிவு. ஒரே வயல் நெல்லை இரண்டு இடத்திலும் கொடுத்த போடியார் (வயல் சொந்தக்காரர்) இரண்டு நிறைத் துண்டுகளையும் மேசையில் வைத்துக் கேட்கும்போது, பதில் சொல்ல நிற்பவர் தராசடி இலிகிதரே தவிர, ஸ்கிரிப்ட் எழுதிய மகான் அல்லர். பிழை காட்டி நின்றுபோன முதல் ஸ்கிரிப்டே இதைவிட நேர்மையானது.

இன்னும் சிலர் இருக்கிறார்கள், “ட்ராப்” செய்துவிட்டு (நீக்கிவிட்டு) மீண்டும் உருவாக்கினால் போயிற்று என்பவர்கள். வியூவை நீக்கினால் அதன்மீது வழங்கியிருந்த அனுமதிகளும் அதனோடு சேர்ந்து போய்விடும் என்பதை இவர்கள் யோசிப்பதே இல்லை. கூரை ஓடு ஒன்றை மாற்றுவதற்கு வீட்டையே இடித்துக் கட்டிவிட்டு, பழைய திறப்பு ஏன் சேரவில்லை என்று வீட்டுக்காரரிடம் கேட்பது போன்றது இது. மறுநாள் காலையில் கணக்காளருக்கு அறிக்கை திறக்காது; கல்முனையிலிருந்து நான் போய் அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் சரியான வழி பல ஆண்டுகளாகக் கண்முன்னே இருக்கிறது. எஸ்.கியூ.எல். சேர்வர் 2016இன் முதலாவது சேவைப் பொதியிலிருந்தே “கிரியேட் ஓர் ஆல்ட்டர்” உண்டு. வியூ இல்லாவிட்டால் உருவாக்கும், இருந்தால் அனுமதிகளைத் தொடாமல் உள்ளடக்கத்தை மாற்றும். அதற்கு முந்திய பதிப்பை இன்னும் வைத்திருக்கும் ஆலைகளுக்கு, வியூ இல்லாதபோது மட்டும் “எக்ஸெக்” மூலம் ஒரு வெற்று வியூவை உருவாக்கிவிட்டு, அடுத்த தொகுதியில் எப்போதும் “ஆல்ட்டர் வியூ” ஓட்டினால் போதும். மற்றத் தரவுத்தள மென்பொருள்களை எடுத்தால், மைஎஸ்கியூஎல்லிலும் ஒரக்கிளிலும் இதே வேலைக்கு “கிரியேட் ஓர் ரிப்ளேஸ்” இருக்கிறது. போஸ்ட்கிரஸிலும் இருக்கிறது, ஆனால் அங்கே புதிய நிரலை (கொலத்தை) கடைசியில்தான் சேர்க்கலாம்; உள்ள நிரலை நீக்கவோ பெயர் மாற்றவோ விடாது. அதற்காக “கஸ்கேட்” (சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கு) போட்டு நீக்கினால், அந்த வியூவை நம்பியிருக்கும் மற்ற வியூக்களும் சேர்ந்து அழியும். எஸ்கியூலைட்டில் மாற்றி எழுதும் கட்டளையே இல்லை என்பதால், அங்கே நீக்கி உருவாக்குவதை ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற கட்டுக்குள், செய்யலாம். அந்த விதிவிலக்கை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

எங்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு கோப்பும் வெற்றுத் தரவுத்தளத்தில் ஒருமுறை, பழைய பதிப்பு ஏறிய தரவுத்தளத்தில் அடுத்தடுத்து இருமுறை ஓட்டப்பட்டு, முடிவில் வியூவின் வரைவிலக்கணம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சோதனையின் பதிவு இணைக்கப்படாத எந்தக் கோப்பையும் சிறுபோகக் கொள்வனவு முடியும்வரை எந்த ஆலையிலும் ஏற்றுவதில்லை என்று அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.