எட்டு நிமிஷம் பேனாவைத் தொடாதே

போன சனிக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பையன் உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதினான். வி.சி.இ. இங்கிலீஷ். கேள்வியைக் கொடுத்து நான் தண்ணீர் எடுத்துவந்து வைப்பதற்குள் நாலு வரி ஓடிவிட்டது.

"பிளான் எங்கடா?"

"மனசுல இருக்கு அங்கிள். எழுதிட்டிருந்தா டைம் போயிடும்."

மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். போன மாசம் வேறொரு கேள்விக்கு எழுதி டீச்சரிடம் நல்ல பெயர் வாங்கிய கட்டுரை. அதைத்தான் இறக்கிக்கொண்டிருந்தான். கேள்வி மட்டும் வேறு.

வெளியூரில் இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ஆஸ்திரேலியாவில், நான் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில், 11, 12ஆம் வகுப்புச் சான்றிதழ்ப் படிப்புக்கு வி.சி.இ. என்று பெயர். கணக்கில் புலியாக இருந்தாலும் சரி, ஆங்கிலப் பாடம் ஒன்று இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான தரவரிசை எண்ணான ஏ-டார் கிடையாது. அதனால்தான் நம் வீடுகளில் அக்டோபர் வந்தால் அத்தனை பதற்றம். அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணில் சரிபாதி ஒரே ஒரு தேர்வில் முடிவாகிறது. 3 மணி நேரம், 3 கட்டுரை. அதற்கு முன்னால் 15 நிமிஷம் வாசிக்க மட்டும். அந்த 15 நிமிஷமும் பேனாவைத் தொடக் கூடாது.

பேனாவைத் தொடக் கூடாது என்பதைத் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள் பிள்ளைகள். எனக்கு இந்தத் தேர்விலேயே பிடித்த விதி அதுதான். இன்னொரு மாநிலமான குயின்ஸ்லாந்தில் இதைவிட ஒரு படி மேல்: இங்கிலீஷ் தேர்வில் 15 நிமிஷத்துக்குத் திட்டமிடும் நேரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குறிப்பு எழுதிக்கொள்ளலாம். பிறகு 2 மணி நேரம், ஒரே கட்டுரை. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் பிள்ளைகள் பாவம். அவர்களுடைய இரண்டாம் தாளில் வாசிக்க 5 நிமிஷம்தான், கட்டுரைக்குத் தலா 40 நிமிஷம். மூன்று இடத்திலும் பார்த்தால், எழுதத் தொடங்கும் முன் யோசி என்று தேர்வு நடத்துகிறவர்களே நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். நம் ஆட்கள்தான் அதை வேண்டாம் என்கிறோம்.

நான் முதலில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் நானும் அச்சு வார்த்துக் கொடுத்தவன்தான். முன்னுரை இப்படி, பத்தி ஒன்று இது, பத்தி இரண்டு இது, மேற்கோள் ஆறு, முடிவுரை இப்படி. மனப்பாடம் செய்து வளர்ந்த தலைமுறை, வேறென்ன தெரியும்? ஒரு பையன் அந்த அச்சை அப்படியே கொண்டுபோய்ப் பள்ளியின் பயிற்சித் தேர்வில் கொட்டினான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. வாக்கியம் எல்லாம் பளபளவென்று இருந்தது. மதிப்பெண் மட்டும் பாதிக்குக் கீழே. ஓரத்தில் அவனுடைய ஆசிரியை எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: "இது எந்தக் கேள்விக்கான பதில்?" அந்த வரி எனக்கு எழுதியது. அவன் அதை என்னிடம் காட்டியபோது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

இங்கே தேர்வு வாரியம் ஒவ்வொரு வருஷமும் தேர்வு முடிந்ததும் அறிக்கை போடுகிறது. இணையத்தில் இலவசம். யாராவது படிக்கிறார்களா? ஆயிரக்கணக்கில் டியூஷனுக்குக் கட்டுகிற பெற்றோர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. தயாரித்து எடுத்துவந்த கட்டுரை கேள்வியைத் தொடாமல் போகிறது என்கிற புலம்பல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

சரி, திட்டமிடுவது என்றால் என்ன? பெரும்பாலான பிள்ளைகளின் திட்டத்தைப் பார்த்தால் மளிகைச் சாமான் லிஸ்ட் மாதிரி இருக்கும். ஒரு பெண் போட்ட திட்டத்தை அப்படியே தருகிறேன். கேள்வி நான் கொடுத்தது. வசதிக்காக எல்லோருக்கும் தெரிந்த ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை எடுத்தேன், அரசன் டங்கனைக் கொன்று முடிசூடுகிற தளபதியின் கதை: "மேக்பெத்தை அழிப்பது பேராசையைவிடப் பயம்தான். எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்கிறாய்?" அவள் எழுதியது: முன்னுரை. பேராசை. குற்ற உணர்ச்சி. சூனியக்காரிகள். முடிவுரை.

பயம் எங்கே போயிற்று? கேள்வியின் உயிரே அதுதான். அவளுக்குத் தெரிந்த மூன்று தலைப்பை எழுதிவிட்டாள், கேள்வி வாசலில் நிற்கிறது.

பேனாவை வாங்கி வைத்துக்கொண்டேன். "எழுதாத. சொல்லு. மேக்பெத் முதல்ல எப்போ பயப்படுறான்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "டங்கனைக் கொல்றதுக்கு முன்னாடி. மாட்டிக்குவோமோ, நாம செய்யறது நமக்கே திரும்புமோன்னு."

"அந்தப் பயம் அவனை அழிக்குதா?"

"இல்லியே... அப்போ அது அவனைத் தடுக்குது." சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அங்கிள், அப்போ பயம் நல்லதா?"

இந்த இடத்தில்தான் திட்டம் ஆரம்பிக்கிறது. கேள்விக்குள் ஒரு சண்டை இருக்கிறது என்று தெரிந்ததும் மிச்சம் தானாக வந்தது. அரசன் ஆகும்வரை பயம் பிரேக். அதை மீறி முதல் கொலையைச் செய்யவைத்தது பேராசை. முடி சூடியபிறகு பேராசைக்கு அநேகமாக வேலை முடிந்துவிட்டது. இனி பயம்தான் வண்டியை ஓட்டுகிறது: நண்பன் பாங்கோவைப் பார்த்துப் பயம், அவனைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். பாங்கோவின் மகன் தப்பியதும் இன்னும் பயம். மக்டஃப் என்கிற பிரபு இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்றதும் அவன் மனைவி மக்களைக் கொன்று தீர்க்கிறான். கடைசி அங்கத்தில், அரண்மனைப் பெண்கள் அலறும் சத்தம் கேட்டு, பயத்தின் ருசியே எனக்கு அநேகமாக மறந்துபோயிற்று என்கிறான். அடுத்த நிமிஷம் மனைவி இறந்த செய்தி வருகிறது. அழக்கூட அவனிடம் ஒன்றும் இல்லை.

அவள் கடைசியில் எழுதிய திட்டம் மூன்றே வாக்கியம். முதலில் பயம் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறது. ஆனால் பேராசை அதை மீறியபின் அதே பயம் கொலை மேல் கொலை செய்யவைக்கிறது. அதனால் பயமே மரத்துப்போகிறது, அவன் உண்மையில் அழிவது அங்கேதான். கேள்வியோடு பாதி ஒத்துப்போய் மீதியில் முரண்டுபிடிக்கிற பதில். இதை எழுத 8 நிமிஷம் ஆயிற்று. 60 நிமிஷத்தில் 8 போனால் பாக்கி 52. யாருக்கும் அதற்குமேல் கை ஓடாது.

அந்த "ஆனால்", "அதனால்" இரண்டையும் கவனியுங்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்கிற ஒரே சூத்திரம் அதுதான். இரண்டு பத்திக்கு நடுவே "மேலும்" மட்டும்தான் போட முடிகிறது என்றால் அது இன்னும் லிஸ்ட். பத்திகளை இடம் மாற்றிப் போட்டால்கூட யாருக்கும் தெரியாது. "ஆனால்" ஒட்டுகிறதென்றால் வாதம் நகர்கிறது. தலைப்பாக எழுதாதே, முழு வாக்கியமாக எழுது என்று நச்சரிப்பதும் இதனால்தான். "பயம்" என்ற ஒற்றைச் சொல்லில் என்ன சொல்லப்போகிறாய் என்பது உனக்கே தெரியாது.

மேற்கோள் பற்றிப் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள், எத்தனை மனப்பாடம் செய்யவைக்கலாம் என்று. வாதம் கிடைத்துவிட்டால் எந்த மேற்கோள் வேண்டும் என்பது தெரியும், அவ்வளவே.

இதுவரை சொன்னது தேர்வின் முதல் பகுதி, படித்த நூலைப் பற்றிய கட்டுரை. மற்ற இரண்டு பகுதிக்கும் இதே கதை கொஞ்சம் மாறி வரும். மூன்றாவது பகுதியில் முன்பின் பார்த்திராத ஒரு வாதக் கட்டுரையைக் கொடுத்து அலசச் சொல்வார்கள். அங்கே அந்த 15 நிமிஷ வாசிப்பில் பெரும்பங்கைச் செலவழித்தால் தப்பில்லை. இரண்டாவது பகுதி 2024இல் வந்த புதுசு, சொந்தமாக எழுதுவது. அங்கேதான் திருட்டுத்தனம் ஜாஸ்தி. வீட்டில் சமைத்த கதையைக் கொண்டுவந்து, எழுதத் தூண்டுவதற்காகத் தாளில் கொடுத்திருக்கிற விஷயத்தை மேலே கொத்தமல்லி மாதிரி தூவிவிடுகிறார்கள். திருத்துகிறவருக்குத் தெரியாதா என்ன?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திட்டம் போடுகிறேன் என்று 20 நிமிஷம் வண்ணப் பேனாவில் சிலந்தி வலை வரைகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அது பயத்தைத் தள்ளிப்போடுகிற வழி. திட்டத்தை அழகாக எழுதினால் யாரும் மார்க் போடப்போவதில்லை. கிறுக்கலாக இருக்கட்டும். எழுதும்போது பாதியில் நல்ல யோசனை வந்தால் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம், அம்பு போட்டுக்கொள்ளலாம்.

நம்மவர்கள் இதை ஏன் எதிர்க்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குக் கை பரபரக்கிறது. "என்ன உட்கார்ந்து வேடிக்கை?" என்று வாய் வந்துவிடுகிறது. எழுதுகிற கை கண்ணுக்குத் தெரிகிறது, யோசிக்கிற தலை தெரிவதில்லை. என் மனைவிகூட அந்தப் பெண் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "அவளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

நேற்று ராத்திரி அந்தச் சனிக்கிழமைப் பையனின் அப்பா வாட்ஸப்பில் கேட்டிருந்தார்: "சார், நல்ல எஸ்ஸே ஒரு நாலஞ்சு அனுப்ப முடியுமா? தம்பி படிச்சு வெச்சுக்குவான்." நான் நாலஞ்சு கேள்வி அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் மட்டும் எழுதச் சொல்லுங்கள், கட்டுரை வேண்டாம் என்றேன்.

நீல டிக் விழுந்து ஒரு நாள் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை.