தூக்கிப் போட்டாச்சு

மனைவியைக் கிண்டலடிக்கும் துணுக்குகள் தினமும் வாட்ஸப்பில் வந்து விழுகின்றன. எனக்குச் சிரிப்பே வருவதில்லை. (பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்பீர்கள். சரி, இருக்கட்டும்.) அதில் கணவன் எப்போதும் அப்பாவி, மனைவி எப்போதும் ராட்சசி. எங்கள் வீட்டுக் கூத்துகளில் அப்படி ஒருவர் தலையில் மட்டும் பழி விழுந்ததே இல்லை.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து போன் செய்தாள். "ஏங்க, கட்டிலுக்கு அடியில ஒரு நீலப் பை இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுடுங்க."

போட்டேன். சாயங்காலம் வந்ததும் கேட்டாள், "தூக்கிப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

இருவருக்கும் திருப்தி. மூன்று நாள் நிம்மதியாகப் போனது. நாலாம் நாள் ஸ்டூலில் ஏறிப் பரணைத் துழாவியவள், "பை எங்க?" என்றாள்.

"அதான் அன்னைக்கே தூக்கிப் போட்டேனே."

"அதான் கேக்கறேன், எங்க போட்டீங்க?"

அவள் சொன்னது பரணில். நான் போட்டது குப்பை வண்டியில். உள்ளே இருந்தவை, பையன் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள்.

தப்பு தமிழின் மேல்தான் என்று அன்று வாதாடிப் பார்த்தேன். "திறந்து பாக்கணும்னு கூடத் தோணலையா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அதோடு என் வாதம் முடிந்தது.

கென்னத் சாவிட்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 24 தம்பதிகளை முகம் பார்க்க முடியாதபடி உட்காரவைத்து, இரண்டு மூன்று அர்த்தம் வரும் வாக்கியங்களைப் பேசவைத்தார்கள். முன்பின் தெரியாதவர் சொன்னதைப் புரிந்துகொண்ட அளவுக்குத்தான் சொந்தத் துணை சொன்னதும் புரிந்ததாம். ஆனால் 'நம்ம ஆளுக்குப் புரிஞ்சிருக்கும்' என்ற நம்பிக்கை மட்டும் எக்கச்சக்கம். எங்கள் கதையும் அதுதான். வேலைக்கு வந்த புது ஆளிடம் அவள் இதைச் சொல்லியிருந்தால் 'பரண்ல' என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பாள். வேற்று மனிதர் சொல்லியிருந்தால் நானும் 'எங்கே?' என்று கேட்டிருப்பேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். இரண்டு மாதம் கழித்து, வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களிடம் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பறிகொடுத்தவள் அவள். அவள் சிரிக்கும்வரை அது நகைச்சுவை ஆகாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். தன் தோழியிடம் அவளே இந்தக் கதையை எடுத்தாள். என் குரலில் "போட்டாச்சு" என்று சொல்லிக் காட்டியபோது அவளுக்கே அடக்க முடியவில்லை. நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். நான் வண்டிக்காரருக்கு டாட்டா காட்டியதாக ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

போன வாரம் போன். "ஏங்க, அலமாரியில ஒரு பெட்டி இருக்கும், அதை எடுத்து..." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வேண்டாம், தொடாதீங்க. நானே வந்து பாத்துக்கறேன்."