சுருக்கினால் மரியாதை குறைந்துவிடுமா?

ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் என்றாலே ‘டோன்ட்’, ‘ஐம்’, ‘இட்ஸ்’ போன்ற சுருக்கங்கள் எதுவும் தலைகாட்டக் கூடாது, எல்லாவற்றையும் ‘டூ நாட்’, ‘ஐ ஆம்’, ‘இட் இஸ்’ என்று விரித்தே எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் ஏராளம். நான் அந்தக் கட்சி இல்லை. எங்கும் சுருக்கலாம் என்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. அந்த இடத்தில் சொல்லுக்கு அழுத்தம் வேண்டுமா, வேண்டாமா? நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

‘ஐ டிடின்ட் சே தட்’ என்று எழுதினால் அது சாதாரணத் தகவல். அதையே ‘ஐ டிட் நாட் சே தட்’ என்று விரித்துவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து நின்று மறுப்பதுபோல் ஒலிக்கிறது. பணிவு என்று நினைத்து மின்னஞ்சல் முழுவதும் ‘டூ நாட்’, ‘கேனாட்’, ‘வில் நாட்’ என்று அடுக்குகிறவர்களின் கடிதங்கள் பல நேரம் கோபக் கடிதங்களாகவே வந்து சேர்கின்றன. பாவம், அவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

இந்த அழுத்தக் கணக்கு என் கற்பனை அல்ல. ‘ஆர் யூ ரெடி?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ ஆம்’ என்றுதான் பதில் சொல்ல முடியும். ‘யெஸ், ஐம்’ என்று முடித்தால் ஆங்கிலமே ஆகாது. அழுத்தம் விழும் சொல்லைச் சுருக்க அந்த மொழியே விடுவதில்லை.

எச்சரிக்கைகளிலும் செய்முறைக் குறிப்புகளிலும் மட்டும் நானும் விரிக்கும் கட்சிக்குத் தாவிவிடுவேன். பிரிட்டன் அரசு இணையதளத்தின் நடைக் கையேடு ‘கான்ட்’, ‘டோன்ட்’ போன்ற எதிர்மறைச் சுருக்கங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. வாசகர்கள் பலர் அவற்றை நேர்மாறாகப் படித்துவிடுகிறார்கள் என்பது அது சொல்லும் காரணம். மருந்து பற்றிய குறிப்பில் ‘கான்ட்’ என்பதை ஒருவர் ‘கேன்’ என்று படித்தால் என்ன ஆகும்? அங்கே ‘கேனாட்’தான் சரி. மரியாதைக்காக அல்ல, பாதுகாப்புக்காக.

ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றில் பெரும்பாலும் விரித்தெழுதுவதே வழக்கம். அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

சுருக்கங்களால் மொழி கெடுகிறது என்ற புலம்பலும் புதிதல்ல. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் லண்டனின் ‘டாட்லர்’ இதழிலேயே இவற்றைத் திட்டித் தீர்த்தார். எழுத்தில் அவர் மேதை. இந்த வழக்கில் மட்டும் தோற்றுப்போனார். அவர் வெறுத்த ‘கான்ட்’, ‘டிடின்ட்’ எல்லாம் இன்று நாளிதழ்களில் உலவுகின்றன.

வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐம்’ இருந்தால் நான் முகம் சுளிக்க மாட்டேன். ‘கோயிங் டு’, ‘வான்ட் டு’ என்பவற்றைப் பேச்சுவழக்கில் குறுக்கிய ‘கானா’, ‘வானா’ இருந்தால் கட்டாயம் சுளிப்பேன்.