மாசி போடாத சம்பல்

இலங்கைக்குப் போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" கடல் எப்படி இருந்தது, காலி நகரத்துக் கோட்டை எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் சைவ வீடு என்றால் ஒன்றிரண்டுதான். அதனால் எங்கள் வயிற்றைப் பற்றித் தெருவுக்கே அக்கறை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். கிளம்புவதற்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் விசாரித்தோம். "முழுக்க இந்திய சைவ உணவு, உத்தரவாதம்" என்றார்கள். பட்டியலை வாங்கிப் பார்த்தால் ஐந்து இரவும் பனீர் பட்டர் மசாலா, சீரகச் சோறு, மஞ்சள் பருப்பு. ஒரே ஒரு இரவு மட்டும் பனீரோடு பட்டாணி சேர்ந்துகொள்கிறது. பலாவும் ஈரப்பலாவும் தென்னையும் காய்த்துத் தொங்குகிற தீவுக்குப் போய் பனீர் தின்பதற்கு நான் ஏன் விமானம் ஏற வேண்டும்? வடஇந்தியக் கடைகள் நிறைந்த தங்கசாலைத் தெருவுக்கு ஆட்டோவில் போனால் போதாதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்களே டிக்கெட் எடுத்தோம். அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சின்ன எலக்ட்ரிக் குக்கர் என்று பெட்டியில் பாதியை அடைத்துவிட்டார்.

உண்மையில் அந்த ஊர்ச் சாப்பாட்டில் முக்கால்வாசி சைவம்தான். மதியம் உட்கார்ந்தால் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த மைசூர்ப் பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, கீரையைப் பொடியாக அரிந்து தேங்காய்த்துருவல் சேர்த்த மல்லுங், தேங்காய்த்துருவலை மிளகாயோடு இடித்த சம்பல், அப்பளம். இறைச்சியோ மீனோ தனியாக ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்தை ஒதுக்கினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாள் காலை தேங்காய் ரொட்டியும் சம்பலும் வந்தன. நான் பாதி ரொட்டியை முடித்துவிட்டேன். அம்மா ஒரு விள்ளலை எடுத்து வாயருகே கொண்டு போனவர் நிறுத்திவிட்டார். காசிமேட்டு மீன்துறைமுகக் காற்றை நாற்பது வருடம் சுவாசித்த மூக்கு அது. "இதில் மீன் இருக்கிறது" என்றார்.

பரிமாறிய பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மீன் இல்லை, மரக்கறிதான். கொஞ்சம் மாசி மட்டும்" என்றான், கூசாமல்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மாசியை நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சூரை மீனை வேகவைத்து, புகையில் காட்டி, விறகுக் கட்டை போல இறுகும் வரை வெயிலில் காய வைப்பது. மாலத்தீவின் மிகப் பழைய ஏற்றுமதிச் சரக்கு. 14ஆம் நூற்றாண்டில் அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இலங்கையில் இதை இடித்துச் சம்பலில் போடுவார்கள், பருப்பில் போடுவார்கள், கீரையிலும் தூவுவார்கள். நாம் பெருங்காயம் போடுகிற மாதிரி. சாம்பாரில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் பருப்பு, காய், புளி என்போம். பெருங்காயத்தை யார் கணக்கில் சேர்க்கிறோம்? அந்தப் பையனும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் புரிய மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை பட்டினியாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காலிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான உனவட்டுனவில் நாங்கள் தங்கிய விடுதியில் சமைத்தவர் மலையகத்து ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பெண். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் அம்மாவிடம் கேட்டார்: "மரக்கறி மட்டும் என்றால் போதுமா, மாசியும் கூடாதா அம்மா?" அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் எதிர்வீட்டு அக்கா கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில், கருவாட்டைப் போடுவதற்கு முன்பே கத்தரிக்காயும் மொச்சையுமாக இரண்டு கரண்டி எடுத்து எங்களுக்கென்று ஒதுக்கிவிடுவார். அதற்கென்று அவர் வீட்டில் தனிக் கிண்ணம் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் இன்னொரு எதிர்வீட்டு அக்கா.

அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் நாக்கு ஊறுகிறது. பலாப்பிஞ்சை ரம்பை இலை, கொறக்காப்புளி (நம் குடம்புளி), தேங்காய்ப்பாலோடு மணிக்கணக்கில் சிறுதீயில் விட்டு வைக்கிற பொலஸ் கறி. ஆட்டிறைச்சிக் குழம்பின் நிறம், ஆனால் பலாதான். நாம் பிள்ளைகளின் பரீட்சைக் காலத்தில் மருந்து போலத் திணிக்கிற வல்லாரையை அங்கே பச்சையாக அரிந்து, தேங்காய், வெங்காயம், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து தந்தார்கள். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ஈரப்பலா, வாழைப்பூ, மாசி போடாத சம்பலோடு பாற்சோறு. குக்கர் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை.

ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். திஸ்ஸமகாராமைக்குப் போகும் வழியில் சாலையோரமெல்லாம் மண்சட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். "மீ கிரி" என்றார் ஓட்டுநர். மீன் என்று நினைத்து அம்மா வண்டியிலிருந்து இறங்க மறுத்துவிட்டார். எருமைத் தயிர்! கித்துள் பாணியை, அதாவது கூந்தற்பனைப் பாகை, ஊற்றித் தின்பது. விவரம் தெரிந்த பிறகு ஒரு சட்டி போதவில்லை.

இனி என் கருத்து. "வெஜ்தானே?" என்று கேட்பதை நம்மவர்கள் நிறுத்த வேண்டும். அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அவரவர் அர்த்தத்தில். என்ன வேண்டாமோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் மாசிக்கு உம்பலகட என்று பெயர். "உம்பலகட தான்ன எபா", அதாவது மாசி போட வேண்டாம். இந்த மூன்று வார்த்தை போதும். மற்ற ஊர்களிலும் இதே கதைதான். இந்தோனேசியாவின் பாலித் தீவில் சம்பலில் தெராசி என்ற இறால் விழுது சேரும். அங்கே "நாங்கள் இந்து" என்று சொல்லிப் பயனில்லை, அந்த ஊர் இந்துக்களுக்கே பன்றி விசேஷச் சாப்பாடு. தாய்லாந்தின் பூக்கெட்டில் மீன் சாறு. ஆனால் "ஜே" என்று எழுதிய மஞ்சள் கொடி தொங்கும் கடையில் வெங்காயம் பூண்டுகூட இருக்காது. சௌகார்பேட்டை ஜைன நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இலங்கையில் பேக்கரியில் மட்டும் உஷார். ரோல், கட்லெட், பேட்டிஸ் எல்லாம் ஒரே தட்டில் வரும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தின்றதற்கு மட்டும் காசு. உள்ளே மீனா மரக்கறியா என்பது கடித்தால்தான் தெரியும். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், மற்ற நாட்களைவிட அன்று நமக்குச் சுலபம். கொழும்பில் வெள்ளவத்தைச் சைவக் கடைகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இட்லி இட்லியாகவே இருந்தது.

இதற்கும் மேல் "ஒரு சிட்டிகை மாசிதானே, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு" என்று உபதேசம் செய்கிறவர்களும் உண்டு. வேண்டாம், எங்களுக்கு அது பழக்கமில்லை. அதற்காகப் பரிமாறுகிறவரை நிற்க வைத்துத் திட்டுகிற நம் ஊர்க் குடும்பம் ஒன்றையும் அங்கே பார்த்தேன். அவர்கள் மேசையில் பனீர் இருந்தது.

கிளம்பும்போது எதிர்வீட்டு அக்கா ஒன்றே ஒன்றுதான் வாங்கி வரச் சொல்லியிருந்தார். கடைசி நாள் அதை வாங்கப் போனதும் அம்மாதான். எது நல்ல மாசி என்று கடைக்காரரிடம் நின்று விசாரித்து, கால் கிலோ வாங்கி, மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"உன் பெட்டியில் வை. என் புடவைகளோடு வேண்டாம்."