நாக்கு சொல்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது

நாக்கைப் படம் எடுத்து அனுப்பினால் கிட்னி எப்படி இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாமாம். எங்கள் குடும்பக் குழுவில் இரண்டே நாளில் மூன்று முறை வந்துவிட்டது அந்தக் காணொளி. பகிர்ந்தவர்கள் மேல் கோபமில்லை, ஆனால் பயமாக இருக்கிறது.

அப்பாவுக்குப் பதினாலு வருஷமாகச் சர்க்கரை. ஒரு கட்டத்தில் சாப்பாடே இறங்கவில்லை. "வாயில செப்புக் காசைப் போட்டு வச்ச மாதிரி இருக்கும்மா" என்பார். காலையில் நாக்கு வழித்தால் வெள்ளையாக வரும். வழித்த பிறகும் நாக்கு வெளிறியே கிடக்கும். வயிறுதான் சரியில்லை என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 6-க்கு ஏறியிருந்தது.

அப்பாவின் நாக்கு பொய் சொல்லவில்லை. சிறுநீரகம் வடிக்காத யூரியா எச்சிலில் ஏறும், வாயிலுள்ள கிருமிகள் அதை அம்மோனியாவாக்கும். ரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது; அது குறைந்தால் சோகை வந்து நாக்கு வெளுக்கும். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் சிறுநீரகம் நிறைய வேலையை இழந்த பிறகு வருவது. அதோடு, நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவாலேயே நாக்கு வெளுத்திருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம் இதையெல்லாம் எப்படிப் பிரிக்கும்? ஆராய்ச்சி நடக்கட்டும், நல்லதுதான். அதுவரை அதை நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாவும் உண்டு, மூத்திரமும் உண்டு. சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டு நெய்க்குறி பார்த்தவர்கள் அவர்கள். நாக்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. இரண்டு வருஷத்துக்கு முந்தைய அப்பாவின் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.3. அடைப்புக்குறிக்குள் இருந்த அளவுக்குள் வந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்போது அவருக்கு 64 வயது. கணக்குப் போட்டால், சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் 61தான் வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நாள்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று அன்றைக்கு ஒரு சோதனை செய்திருக்கலாம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்: ஈ.ஜி.எஃப்.ஆர், சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். விகிதம் 30 mg/g-க்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலிக்கு நீங்களாகவே வாங்கிப் போடும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

போன வாரம் சித்தப்பாவைக் கூட்டிப் போனேன். வெற்றிலை போட்டுச் சிவந்த நாக்கு, நல்ல பசி, ஒரு குறையும் இல்லை. விகிதம் 48. அன்றைக்கே டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார்.